ஒரு நாள், ஓர் ஏரி, ஒரு கோட்டை

ஒரு காலத்தில் சீமைக்குப் போய்வந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தார். அவர் திரும்பி வந்தால் தெருவே திரண்டு கதை கேட்கும். இன்று நிலை வேறு. மகனோ மகளோ ஐரோப்பாவில் வேலை பார்க்கிறார். பேரக் குழந்தையைப் பார்க்கப் பெற்றோர் விமானம் ஏறுகிறார்கள். கல்லூரி விடுமுறை வாய்த்தால் தம்பியும் தங்கையும் உடன் செல்கிறார்கள். தனி மனிதரின் பயணமாக இருந்தது குடும்பத்தின் பயணமாக மாறிவிட்டது. இது நல்ல மாற்றமே. நம் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவருள் அவ்வாறு சென்று வந்தவர் சிலர் உண்டு. நாளை வேலையின் பொருட்டு அங்கே குடியேறித் தம் பெற்றோரை வரவேற்கப் போகிறவர் பலர் உண்டு. அந்தப் பலரை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிள்ளை வீட்டுக்குச் செல்லும் பெற்றோருக்கு வாரத்தில் ஐந்து நாளும் சன்னல்தான் உலகம். மகன் அலுவலகம் போய்விடுவான், மருமகளும் போய்விடுவாள், பேரன் பள்ளிக்குப் போய்விடுவான். மொழி தெரியாத ஊரில் கடைத்தெருவரை நடந்து வருவதே பெரிய துணிவு. சனியும் ஞாயிறும் வந்தால்தான் வீட்டுக் கதவு திறக்கும். பக்கத்தில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஒரு சிற்றூர். குன்றின் மேலோ நீரின் ஓரத்திலோ ஒரு பழங்கோட்டை. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். இதுவே அந்த வீடுகளில் வழங்கும் ஒரு நாள் பயணம்.

அந்த ஒரு நாள் யாருக்கு உரியது? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. கேட்டால் என் விடை இது: குடும்பத்தில் மெல்ல நடப்பவர் எவரோ, அவருக்கு உரியது. அவருடைய நடைக்கு ஏற்ப ஓர் ஏரி, ஒரு கோட்டை என்று அமைத்துக்கொண்டால், விரைந்து நடப்பவருக்கும் அதில் நிறைந்த பயன் உண்டு. அவரை மறந்து நான்கு ஊர் என்று அமைத்துக்கொண்டால், எவருக்கும் எதுவும் கிட்டாது.

பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது முறையே நடக்கிறது. ‘காலை எட்டு மணிக்கு லோசான், பத்துக்கு வெவே, பன்னிரண்டுக்கு மோந்த்ரோ, இரண்டுக்குக் கோட்டை, ஐந்துக்கு ஜெனீவா, இரவு எட்டுக்கு வீடு.’ இதைப் படிப்பவருக்கு இது பயணத் திட்டமா, புகைவண்டி நிலையச் சுவரில் தொங்கும் கால அட்டவணையா என்ற ஐயம் எழும். ஊர்தோறும் இறங்குகிறார்கள். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கைப்பேசி படம் எடுக்கிறது. அந்தப் படம் அவர்கள் அடுத்த வண்டி ஏறுவதற்குள் அம்பத்தூருக்கும் அருப்புக்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஏரியைக் கண்டது கைப்பேசி. அவர்கள் கண்டது கைப்பேசியை!

இப்படித் திட்டமிடுபவரைப் பழிப்பது எளிது. அவர் பக்கத்து நியாயத்தையும் காண வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவும் சேர்ந்து வழங்கும் ஷெங்கன் விசா, 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க இடந்தராது. அதற்குள் வரும் சனி ஞாயிறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழைக்கும் சளிக்கும் சில போய்விடும். விமானச் சீட்டுக்குப் பெருந்தொகை சென்றிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அடுத்த முறை வருவாரோ மாட்டாரோ என்ற அச்சம் மகன் நெஞ்சின் அடியில் இருக்கிறது. ஆகவே உள்ளதையெல்லாம் காட்டிவிடத் துடிக்கிறான். அவனுடைய அவசரத்தின் வேர் அன்புதான். இதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் அன்பினால் செய்வதெல்லாம் அன்பாகவே போய்ச் சேர்வதில்லை. நம் பெற்றோர் ‘போதும்’ என்று வாய்விட்டுச் சொல்லும் இயல்புடையவர் அல்லர். ‘உங்களுக்கு எப்படித் தோதோ அப்படியே செய்யுங்க’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர் அறிவார். அயலூரில் கழிப்பறை எங்கே இருக்கும், அதற்குக் காசு கேட்பார்களோ, வண்டி போய்விடுமோ என்று அஞ்சி, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ‘வேண்டாம், தாகமில்லை’ என்று அவர்கள் சொல்வதை நம்பிவிட்டு, நாம் அடுத்த ஊருக்கு வழி பார்க்கிறோம். வாழ்நாள் முழுதும் நமக்காக நடந்தவர்களை, நாம் வழிநடத்தும் அந்த ஒரு நாளில் மூட்டையைப் போலத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

சென்ற கோடையில் பெற்றோருடன் லோசானில் உள்ள அண்ணன் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். ஆகையால் நான் அறிந்த ஏரியைக் கொண்டே சொல்கிறேன். ஜெனீவா ஏரி என்று நாம் சொல்வதை அங்குள்ளோர் லெமான் என்பர். பிறை வடிவம், ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டர் பரப்பு, மிக ஆழமான இடத்தில் 310 மீட்டர். வடகரை சுவிட்சர்லாந்துக்கும், தென்கரையின் பெரும்பகுதி பிரான்சுக்கும் உரியவை. ரோன் ஆறு கிழக்கு முனையில் புகுந்து மேற்கே ஜெனீவா நகரில் வெளியேறுகிறது. லோசானிலிருந்து கிழக்கே புகைவண்டியில் சென்றால், ஒரு புறம் நீலநீர். மறு புறம் லவோ என்னும் மலைச்சரிவு. அச்சரிவில் படிப்படியாகக் கற்சுவர் எழுப்பித் திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். துறவு மடத்தார் 11-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய வேளாண்மை அது. 2007-இல் யுனெசுகோ அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

ஒரு சனிக்கிழமை நான்கு ஊர் பார்த்தோம். அடுத்த சனிக்கிழமை ஒரே கோட்டையைப் பார்த்தோம். முதல் நாளைப் பற்றி வீட்டில் இன்று எவரும் பேசுவதில்லை. எந்தப் படம் எந்த ஊர் என்பதிலேயே எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. இரண்டாம் நாளைப் பற்றி அப்பா இன்னும் பேசுகிறார். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

அந்தக் கோட்டையின் பெயர் எழுத்தில் சில்லான் போலத் தோன்றும். அவ்வூரார் நாவில் ஷியோன். மோந்த்ரோவுக்குச் சற்றுக் கிழக்கே, கரையை ஒட்டி ஏரிக்குள் நிற்கும் ஒரு பாறையின் மேல் அது எழுந்திருக்கிறது. கரைக்கும் பாறைக்கும் இடையே உள்ள நீரே அகழி. எழுத்துச் சான்றுகளில் அதன் பெயர் முதலில் வருவது 1150-இல். சவாய் கோமக்கள் அதனை ஆண்டனர். 13-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பீட்டர் காலத்தில் அது விரிந்தது. ஏன் அவ்விடத்தைத் தேர்ந்தனர்? அங்கே நின்று பார்த்தால் சிறுவனுக்கும் விளங்கும். ஒரு பக்கம் மலை செங்குத்தாக இறங்குகிறது. மறு பக்கம் ஏரி. நடுவே ஒரே ஓர் இடுக்கு வழி. ஆல்ப்ஸ் மலையில் பெரிய சென் பெர்னார் கணவாயைக் கடந்து இத்தாலிக்குப் போகும் வணிகர் எல்லாரும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். கோட்டையிலிருப்பவன் கையை நீட்டினால் சுங்கம் வந்து விழும்! மலைப்பக்கத்தில் அம்பு எய்யும் துளைகளும் காவற்கோபுரங்களும். ஏரிப்பக்கத்தில் கோமக்கள் கூடி உண்ணும் மண்டபங்களும் அழகிய சன்னல்களும். பகைக்கு ஒரு முகம், உல்லாசத்துக்கு ஒரு முகம்.

விரைந்து வருபவர் அந்த மண்டபங்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவர். மண்டபங்களுக்குக் கீழே, நீர்மட்டத்தை ஒட்டி, வளைவுக் கூரையைத் தூண்கள் தாங்கும் நிலவறை ஒன்று உண்டு. அதுவே சிறை. ஜெனீவாவில் ஒரு மடத்துக்குத் தலைவராக இருந்த பிரான்சுவா பொனிவார் என்பவர் சவாய் கோமகனின் ஆட்சியை எதிர்த்தார். 1530 முதல் 1536 வரை அங்கே சிறைப்பட்டார். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தூணில் சங்கிலியால் பிணைக்கப்பட்டே கழித்தார். 1536-இல் பேர்ன் நகரத்தார் படையெடுத்துக் கோட்டையைக் கைப்பற்றி அவரை விடுவித்தனர். 1816-இல் ஆங்கிலக் கவிஞர் பைரன், நண்பர் ஷெல்லியுடன் படகில் வந்து இந்நிலவறையைக் கண்டார். மழை அவரை லோசானின் கரையான ஊஷியில் தடுத்து நிறுத்தியபொழுது, ஷியோன் கைதியைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையை எழுதினார். ஒரு தூணில் அவருடையது எனச் சொல்லப்படும் பெயர்ச் செதுக்கல் இன்றும் இருக்கிறது. பழங்கட்டடத்தில் பெயர் செதுக்கும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று என்று கண்டு ஆறுதல் கொள்ளலாம். பைரனைப் போல் எழுத வல்லவர் மட்டும் செதுக்கலாம் என்று ஒரு விதி செய்தால் நம் கோட்டைச் சுவர்கள் தப்பும்.

என் தந்தையார் வேலூரில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். அறிவிப்புப் பலகையில் இருந்த ஆண்டை நான் படித்துச் சொன்னதும் நின்றுவிட்டார். “ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறா? நம்ம கோட்டைக்குக் கண்டி ராஜாவைக் கொண்டாந்த வருஷம் இல்லையா அது?” என்றார். உண்மைதான். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்டவர் சிறீ விக்கிரம ராசசிங்கர். கண்டியின் கடைசி மன்னர். 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்தனர். 1816-இல் கப்பலேற்றிச் சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து காவலில் வைத்தனர். 1832-இல் அங்கேயே அவர் காலமானார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவர் நினைவிடம். ஓர் அகழிக் கோட்டையில் என்றோ இருந்த கைதிக்காக ஆங்கிலக் கவிஞர் உருகிய அதே ஆண்டில், இன்னோர் அகழிக் கோட்டையில் ஆங்கில ஆட்சி ஒரு மன்னரைக் கைதியாக வைத்தது. முந்தியவருக்குக் கவிதை கிடைத்தது. உலகமே வந்து பார்க்கிறது. பிந்தியவருக்கு நம்மூரார் எத்தனை பேர் ஒரு நாழிகை ஒதுக்கியிருக்கிறார்கள்?

இந்த எண்ணம் வந்தது எதனால்? அப்பா நின்றதனால். அவர் நிற்க இடம் இருந்ததனால். ‘வண்டிக்கு நேரமாகிறது’ என்று எவரும் அவர் முழங்கையைப் பிடித்து இழுக்காததனால். முதற் சனிக்கிழமையில் அவர் பேசியதெல்லாம் ‘அடுத்து எங்கே?’ என்ற இரண்டு சொற்களே. இரண்டாம் சனிக்கிழமையில் அவர் மறுபடி ஆசிரியர் ஆனார். அண்ணனும் அண்ணியும் நானும் மாணவர் ஆனோம். பேரன் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறவன். பலகைகளைப் படித்துத் தாத்தாவுக்குச் சொன்னான். மொழி தெரியாமல் வீட்டில் மூன்று வாரமாக ஒடுங்கியிருந்தவருக்கு, அந்தச் சிறுவனிடம் சொல்லத்தக்க செய்தி ஒன்று தம்மிடம் உண்டு என்ற மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. இதைவிட வேறென்ன காட்சியை அந்த நாட்டில் நாம் அவருக்குக் காட்டிவிட முடியும்?

மெல்லப் பார்ப்பவர்க்குக் கசப்பான உண்மைகளும் தட்டுப்படும். 1348-இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபொழுது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டதாக வதந்தி எழுந்தது. ஏரியோரத்து யூதர் சிலரை இக்கோட்டையில்தான் அடைத்து, சித்திரவதை செய்து, ‘ஒப்புதல் வாக்குமூலம்’ பெற்றனர். அந்த வாக்குமூலங்கள் வேறு நகரங்களுக்கும் அனுப்பப்பட்டன. யூதர்களைக் கொன்றழிக்க அவை கருவியாயின. அழகிய சன்னலுக்கும் அந்த அறைக்கும் இடையே சில படிகளே. கோட்டையென்றால் கொலுமண்டபம் மட்டும் அன்று. அதன் அடியில் எவரேனும் அழுதிருப்பர். இதைப் பேரனுக்கு எந்த வயதில் எப்படிச் சொல்வது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். ஆனால் சொல்ல வேண்டியது இருக்கிறது என்பதையாவது பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அம்மா நிலவறைக்குள் இறங்கவில்லை. பழங்கற்படிகள் ஏற்றத்தாழ்வானவை, அவர் முழங்காலுக்கு ஒவ்வா. முற்றத்தைப் பார்த்துவிட்டு வெளியே ஏரிக்கரை விசிப்பலகையில் அமர்ந்துகொண்டார். புளியோதரைப் பொட்டலமும் தண்ணீரும் அவர் பக்கத்தில். கழிப்பறை இருக்கும் இடத்தை அண்ணி முதலிலேயே அழைத்துச் சென்று காட்டியிருந்தார். ஆகவே அன்று அம்மா தயங்காமல் தண்ணீர் குடித்தார். எங்களில் ஒருவர் மாறி ஒருவர் உடன் இருந்தோம். பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் சுழலும் பழங்கப்பல் ஒன்று வந்து துறையில் நின்றது. அந்த ஏரியில் அவ்வகைக் கப்பல்கள் எட்டு உண்டு. 1904-க்கும் 1927-க்கும் இடையே கட்டியவை. சில இன்றும் நீராவியால் ஓடுகின்றன. கப்பல் போன பிறகு அலை ஓய்ந்ததும், அடியில் இருந்த கூழாங்கல் தெரிந்தது. “ஏன்டா, இத்தனை ஊரு கரையில இருக்கு. தண்ணி எப்படிடா இவ்வளவு தெளிவா இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

நான்கு ஊர் ஓடியவர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்திராது. இது கோட்டையின் வரலாற்றைவிட நமக்கு வேண்டிய கேள்வி. அந்த ஏரி இயற்கையின் கொடையால் மட்டும் தெளிந்திருக்கவில்லை. 1960-களிலும் 1970-களிலும் கழிவுநீரோடும் சலவைத்தூளோடும் பாஸ்பரசு வந்து கலந்தது, பாசி மண்டியது, ஆழத்தில் உயிர்க்காற்று குறைந்தது. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து 1963-இல் ஏரிநீரைக் காக்க ஒரு கூட்டுக்குழு அமைத்தன. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் எழுந்தன. 1986-இல் சுவிட்சர்லாந்து துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பின்பே நீரில் பாஸ்பரசு குறைந்தது. நம் நாட்டில் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015-இல் நுரை பொங்கித் தீப்பற்றியதைப் படித்தவர்கள் நாம். ‘அவர்கள் நாடு அழகு, நம் நாடு அழுக்கு’ என்று பெருமூச்சு விடுவது சோம்பேறியின் முடிவு. அவர்கள் ஏரியும் கெட்டது. சட்டத்தாலும் செலவாலும் மீட்டார்கள். இதை அறிந்து திரும்புபவனே பயணம் செய்தவன்.

கோட்டையிலிருந்து கரையோரமாகத் தென்கிழக்கே அரை மணி நேரம் மெல்ல நடந்தால் வில்நேவ் என்னும் சிற்றூர். நடக்க இயலாதவருக்குப் பேருந்து உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலண்டு அங்கே வாழ்ந்தார். காந்தியடிகளைப் பற்றி 1924-இலேயே நூல் எழுதியவர் அவர். 1931 டிசம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அடிகள், அவரைக் காண வந்து ஐந்து நாள் அவ்வூரில் தங்கினார். அடிகள் விரும்பிக் கேட்க, ரோலண்டு பியானோவில் பீத்தோவனின் இசையை வாசித்துக் காட்டினார். அடுத்த மாதமே, 1932 சனவரி 4-ஆம் நாள், அடிகள் பம்பாயில் கைதாகி எரவாடாச் சிறை சென்றார். ஒரு சிறைக்கோட்டையின் நிழலில் ஐந்து நாள் அமைதி. பிறகு தம்முடைய சிறை. அந்தக் கரையில் நடப்பவர் இதை நினைத்தால் நடையின் நிறமே மாறிவிடும். அவசரத் திட்டங்கள் எதிலும் வில்நேவ் இடம் பெறுவதில்லை. அங்கே படம் எடுக்கத்தக்க பெரிய கட்டடம் இல்லையாம்!

‘இவ்வளவு செலவு செய்து போய் ஒரே இடத்தைப் பார்த்துவிட்டு வருவதா?’ என்பர் சிலர். கணக்கையே பார்ப்போம். சுவிட்சர்லாந்தில் வண்டிக் கட்டணம் மிகுதி. அரைக் கட்டண அட்டை வாங்கினாலும், ஐந்து பேர் ஊர்தோறும் ஏறி இறங்கினால் பை இளைத்துவிடும். ஊருக்கு ஒரு காப்பி என்று குடித்தாலே, நம் ஊரில் ஒரு குடும்பம் வயிறார உண்ணும் தொகை ஆகிவிடும். ஓர் இடம் செல்வது சிக்கனம். கட்டுச்சோறு அதைவிடச் சிக்கனம். இனி, காட்சிக் கணக்கு. பத்து நூலின் அட்டையைப் பார்த்தவனும் ஒரு நூலைப் படித்தவனும் ஒருவர் ஆவரோ? நூலகத்தில் பொழுதைக் கழிக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேறு சிலர் வேறு விதமாக மறுப்பர். ‘கோட்டை என்பது குடிகளின் முதுகில் ஏறியவன் கட்டிய வீடு. அதைப் பார்ப்பதில் நமக்கு என்ன?’ என்று என் அறைத்தோழர் கேட்டார். நல்ல கேள்வி. கோமகனை வியக்கப் போகிறவர் போகாதிருப்பதே மேல் என்று நானும் சொல்வேன். ஆனால், சுங்கம் எங்கே வாங்கினான், எவரைச் சிறை வைத்தான், அவன் ஆட்சி எந்த ஆண்டில் எவரால் முடிந்தது என்று கேட்கப் போகிறவருக்குக் கோட்டையைப் போன்ற பாடப்புத்தகம் வேறில்லை. இன்று அங்கே கோமகன் இல்லை. சீட்டு வாங்கிய எவரும் அவன் மண்டபத்தில் நிற்கலாம். வேலூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவன் சன்னல் வழியே ஏரியைப் பார்க்கிறார். அதுவும் வரலாறுதான்.

ஆகவே, நாளை விருந்தோம்பப் போகும் நண்பர்களுக்குச் சில சொற்கள். முந்தின இரவே அந்த இடத்தைப் பற்றி அரை மணி நேரம் படியுங்கள். படித்ததை இரவு உணவின்போது அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். ஏரியின் பெயரையும் கோட்டையின் பெயரையும் அவர்கள் வாயில் வரும்படி செய்யுங்கள். காலை வண்டி போனால் அடுத்த வண்டி என்று இருங்கள். உட்காரும் இடம், கழிப்பறை, நிழல் இம்மூன்றையும் முதலில் தேடுங்கள். கோட்டை அதன்பின் இருக்கட்டும். எண்ணூறு ஆண்டு நின்றது, இன்னும் அரை மணி நிற்கும். ஏறமாட்டாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்; அவரைத் தனியே விட்டும் போகாதீர்கள். படம் ஒன்று எடுங்கள். பிறகு கைப்பேசியைப் பையில் வையுங்கள். திரும்பும் வண்டியில் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்லட்டும். மூத்தவர் முதலில் சொல்லட்டும்.

இதற்கெல்லாம் ஐரோப்பா போகும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நாமே ஊரைவிட்டு வந்து இங்கே படிப்பவர்கள். பட்டமளிப்புக்கோ, நம்மைப் பார்த்துப் போவதற்கோ பெற்றோர் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் இரண்டு இரவு அமர்ந்து தில்லிக்கு வருகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? காலையில் செங்கோட்டை, நண்பகலில் குதுப் மினார், மாலையில் இந்தியா கேட். மறுநாள் விடியுமுன் ஆக்ரா. வெயிலில் அவர்கள் கண் இருள்வதை நாம் கவனிப்பதில்லை. செங்கோட்டை ஒன்றே ஒரு நாளுக்குப் போதும். கடைசி முகலாய மன்னர் பகதூர் சா 1858-இல் தம் கோட்டையிலேயே விசாரிக்கப்பட்டதும், நேதாசியின் படைத்தலைவர்கள் 1945-இல் அங்கேயே கூண்டில் நிறுத்தப்பட்டதும் அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? நேதாசியின் படையில் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்தனர் என்பதைச் சொன்னால், அந்தச் செங்கற்சுவர் அவர்களுக்கு அயலாரின் சுவராக இராது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். பட்டமளிப்பு விழாவின்போது நம் சங்கம் ஆண்டுதோறும் பெற்றோருக்குத் தேநீர் விருந்து அளிக்கிறது. இனி அதனுடன் ஒரு பணியையும் மேற்கொள்ளட்டும். வரலாறு படிக்கும் மாணவர் இருவர் முன்வந்தால் போதும். ஒரே ஓர் இடத்துக்கு, நிழலும் இருக்கையும் பார்த்து, வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் சென்று, தமிழில் விளக்கி, பொழுது சாயுமுன் திரும்ப அழைத்து வரலாம். பேருந்துச் செலவை நாமே பகிர்ந்துகொள்ளலாம். முதல் ஆண்டுக்கு என் பெயரைச் செயலாளர் இப்பொழுதே எழுதிக்கொள்ளலாம். இன்னொருவர் யார்?